டிபன் டப்பா சைஸ் கம்ப்யூட்டர் பண்ணையத்துக்கு ஆகுமா?

இந்தத் தடவை வெள்ளாமையைக் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு வேற ஒரு சங்கதி பேசலாம். போன வருசம் தோட்டத்துச் சாலைக்கு ஒரு மினி கம்ப்யூட்டர் வாங்கினதைப் பத்தி அங்கங்க ரெண்டு வரி எழுதியிருந்தேன். "எப்படி ஓடுது, எங்க அப்பாவுக்கு ஒண்ணு வாங்கித் தரலாமா?"ன்னு ஊரை விட்டு டவுனுக்குப் போன நண்பர்கள் பல பேர் கேட்டிருந்தீங்க. ஒரு கோடை, ஒரு மழைக்காலம், ஒரு மஞ்சள் அறுவடை மூணையும் அந்தப் பெட்டி பார்த்தாச்சு. இனி மார்க் போடலாம்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். ஊர்ல இருக்கற விவசாயக் குடும்பத்துக்கு இன்னைக்கு இந்தச் சின்னப் பெட்டிதான் சரியான கம்ப்யூட்டர். விலை குறைவுங்கறதை விட, எங்க ஊர்க் கரண்டுக்கு இது தாக்குப் பிடிக்குதுங்கறதுதான் காரணம். இன்னொண்ணும் சொல்லணும். டவுன்ல வேலைக்கு ஆகாதுன்னு கழிச்ச பழைய கம்ப்யூட்டரை "ஊர்ல சும்மா பார்க்கறதுக்குத்தானே"ன்னு அனுப்பி வைக்கற பழக்கத்தை நிறுத்தணும். ஏன்னு பின்னால விவரமா சொல்றேன்.

முதல்ல பெட்டி என்னன்னு பார்த்துடலாம்.

இந்த மாதிரி சின்னக் கம்ப்யூட்டர் ஒண்ணும் புதுசு கிடையாதுங்க. ஆப்பிள் கம்பெனி 2005-லயே மேக் மினி கொண்டு வந்துச்சு. இன்டெல் கம்பெனி நக்னு ஒரு வரிசையைப் பத்து வருசத்துக்கு மேல ஓட்டி, 2023-ல நிறுத்திட்டு ஏசுஸ் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிருச்சு. ஆபீசுங்கள்ல மானிட்டருக்குப் பின்னாடி ஒட்டி வைக்கற லெனோவா, ஹெச்பி, டெல் பெட்டிங்களை உங்கள்ல பல பேர் தினமும் பார்க்கறீங்க. ஆனா எங்களை மாதிரி ஆளுங்க வாங்கற விலைக்கு இது இறங்கினது இன்டெல் என்100 சிப் வந்த பிறகுதான். 2023 ஆரம்பத்துல வந்த சிப் அது. நாலு கோர். அதிகபட்ச வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ். சிப்போட கரண்ட் அளவுன்னு கம்பெனி போட்டிருக்கறது 6 வாட்.

நான் வாங்கினதும் அந்தச் சிப் போட்ட பெட்டிதான். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் வீட்டுலயே இருந்ததால பெட்டிக்கு மட்டும் பதினெட்டாயிரத்துக்குள்ள ஆச்சு. எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. இந்த ரகப் பெட்டிங்க பத்துக்கு எட்டு ஒரே அச்சுதான், மேல ஒட்டற பேரு மட்டும்தான் வேற. அளவு நம்ம டிபன் டப்பா சைஸ். ரெண்டு கையும் வேண்டாம், ஒரு கையில எடுத்துட்டு நடக்கலாம்.

பெங்களூர்ல சாஃப்ட்வேர் வேலையில இருக்கற எங்க அண்ணன் மகன், வாங்கறதுக்கு முன்னாடியே போன் பண்ணித் தடுத்தான்.

"சித்தப்பா, இதோட ஸ்கோர் ரொம்பக் கம்மி. கேம் ஆடாது, வீடியோ எடிட்டிங்னு உக்காந்தா முக்கும். இதைப் போய் எதுக்கு வாங்கறீங்க?"

"கண்ணு, மஞ்சள் பாலீஷ் போடற தூசியில மூணு மாசம் ஓடுமான்னு அந்த ஸ்கோர்ல போட்டிருக்குதா?"

பையன் சிரிச்சுட்டான். ஆனா நான் கேட்டது விளையாட்டுக்கு இல்லீங்க. கம்ப்யூட்டரை எடை போடறவங்க எல்லாரும் ஏசி ரூம்ல, நிக்காத கரண்டுல, ஃபைபர் நெட்டுல வெச்சு எடை போடறாங்க. அது அவங்க ஊருக்குச் சரி. எங்க ஊருக்கு வேற தராசு வேணும். என் தராசுல ஆறு படிக்கல் இருக்கு. ஒவ்வொண்ணா வெச்சுப் பார்க்கலாம்.

ஒண்ணு: அன்றாட வேலை

எங்க வீட்டுல கம்ப்யூட்டருக்கு என்ன வேலைன்னு கேட்டீங்கன்னா: ஆள் கூலி, உரம், டீசல், வண்டி வாடகைக் கணக்கு. பட்டா, சிட்டா, புல வரைபடம் இறக்கிப் பிரிண்ட் போடறது. பிஎம் கிசான் தவணை வந்துச்சான்னு பார்க்கறது. ஈரோட்டுல மஞ்சள் விலை என்ன போச்சுன்னு பார்க்கறது. பொண்ணு பள்ளிக்கூட வேலை. ராத்திரி எங்க வீட்டம்மா பார்க்கற நாடகம். அப்புறம் உங்களுக்கு நான் எழுதற இந்தக் கட்டுரைங்க.

இதுல ஒண்ணுக்குக் கூட இந்தப் பெட்டி திணறலை. பட்டனை அமுக்கி இருபது இருபத்தஞ்சு செகண்டுல வேலைக்குத் தயார். ரெண்டு வருசத்து மஞ்சள் கணக்கு இருக்கற எக்செல் ஃபைல், பத்து பதினஞ்சு பிரவுசர் டேப், ஒரு பக்கம் பாட்டு, எல்லாம் ஒண்ணா ஓடுது. கணக்குப்படி சொன்னா, 2015-ல வந்த இன்டெல் ஐ5-6500 சிப்போட கிட்டத்தட்ட அதே வேலைத் திறன் இதுக்கு இருக்கு. அந்தச் சிப் 65 வாட் ரகம், இது 6 வாட் ரகம். பத்து வருசத்துல அதே வேலையை இவ்வளவு கம்மித் தீனியில செய்யற மாடு பொறந்திருக்குன்னு வெச்சுக்குங்களேன்.

முடியாததையும் சொல்லணும். மோட்டார் ரூம் பக்கம் மயில் வந்ததை 4கே-ல எடுத்து, வெட்டி ஒட்டி வீடியோ பண்ணலாம்னு பொண்ணு உக்காந்தா. வெட்டறப்போவே இழுவையா இழுத்துச்சு. 1080பி அளவுக்குக் குறைச்ச பிறகு ஓடுச்சு. பெரிய கேமெல்லாம் பேசவே வேண்டாம். இந்தச் சிப்புல மெமரிக்கு ஒரே ஒரு பாதைதான், படம் போடற பகுதியும் சின்னது. அதுக்கு மேல கறக்க முடியாது. வீடியோவே தொழில்னு இருக்கறவங்க 2024-ல வந்த எம்4 மேக் மினி மாதிரி பார்க்கலாம். அதுவும் சின்னப் பெட்டிதான், கரண்டும் கம்மியாத்தான் குடிக்கும். ஆனா விலை மூணு மடங்குக்கு மேல. எங்களுக்கு அது கடலைச் செடி பிடுங்க டிராக்டரை இறக்கற கதை.

மார்க்: பத்துக்கு எட்டு.

ரெண்டு: கரண்ட்

இதுதான் என் தராசுல பெரிய படிக்கல்.

பிளக்குல மாட்டற மீட்டர் ஒண்ணு வெச்சிருக்கேன். அதுல பார்த்தா, சும்மா இருக்கறப்போ பெட்டி முழுசும் சேர்த்து 7, 8 வாட். பிரவுசர், எக்செல்னு வேலை செய்யறப்போ 12-ல இருந்து 15. முழு மூச்சா ஓட விட்டா 22, 23. சிப்புக்கு 6 வாட்னு போட்டிருந்தாலும் சுவத்துல அவ்வளவு குறைவா காட்டாது, ஏமாந்துடாதீங்க. ஆனாலும் இது கம்மிதான். இதுக்கு முன்னாடி இருந்த பழைய டவர் கம்ப்யூட்டர் சும்மா இருந்தாலே 60 வாட், வேலை செஞ்சா 80.

இந்த வித்தியாசம் டவுன்ல பில்லுல மட்டும்தான் தெரியும். எங்களுக்கு இன்வர்ட்டர்ல தெரியும். 150 ஏ.ஹெச் பேட்டரி ஒண்ணு, 12 வோல்ட். பெருக்கிப் பார்த்தா 1800 வாட்-மணி. பேட்டரியை முழுக்க வடிக்கக் கூடாது, இன்வர்ட்டரும் கொஞ்சம் தின்னும். பாதின்னு வெச்சா 900. மானிட்டருக்கு 20 வாட் சேர்த்து, பழைய டவர் 100 வாட் இழுக்கும், ஒம்பது மணி நேரம். சின்னப் பெட்டி 35 வாட், இருபத்தஞ்சு மணி நேரம். அதே பேட்டரிதான் ஃபேனும் லைட்டும் ஓட்டணும்னு நினைச்சுப் பாருங்க. பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட் இழுக்கும். டவர் கம்ப்யூட்டர்ங்கறது வீட்டுல இன்னொரு ஃபேன் சுத்தற மாதிரி. ஐப்பசி மழையில மரம் சாஞ்சு லைன் அறுந்து, லைன்மேன் வர மறுநாள் ஆகற ஊர்ல, பெரியவங்க தூங்கற ரூம்ல ஃபேன் ஓடணுமா, கம்ப்யூட்டர் ஓடணுமான்னு சண்டை வரக் கூடாதுங்க. இப்போ வர்றதில்லை.

வோல்டேஜ் கதையும் இருக்கு. த்ரீ பேஸ் வர்ற நேரத்துல சுத்துப்பட்டு மோட்டாரெல்லாம் ஒரே சமயத்துல ஓடும். வீட்டு பல்பு அழுது வடியும். 170, 180-க்கு இறங்கும். பழைய டவர் அந்த நேரத்துல ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கும். சின்னப் பெட்டியோட அடாப்டர்ல 100-240 வோல்ட்னு அச்சடிச்சிருக்கு, அது பாட்டுக்கு ஓடுது. வோல்டேஜ் தாறுமாறா ஏறி ஏதாவது போனாலும், பெரும்பாலும் வெளிய இருக்கற அடாப்டர்தான் முதல்ல பலியாகும். அது சில நூறு ரூபாய்ல போற சமாச்சாரம்.

ஒரே குறை, இதுக்குள்ள பேட்டரி கிடையாது. கரண்ட் போய் இன்வர்ட்டர் மாறற அந்தக் கண் சிமிட்டற நேரத்துல சில இன்வர்ட்டர்ல அணைஞ்சு போயிடும். சின்ன யூபிஎஸ் ஒண்ணு கட்டாயம் வேணும். டவருக்குப் பதினஞ்சு நிமிசம் தாங்கற அதே யூபிஎஸ், இதுக்கு முக்கால் மணி நேரம் தாங்குது.

12 வோல்ட் அடாப்டர் வர்ற பெட்டியா இருந்தா சோலார் பேட்டரியில நேரா ஓட்டலாமேன்னு சில பேருக்குத் தோணும். நேரா சொருகிடாதீங்க. சார்ஜ் ஏறறப்போ அந்த பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும். நடுவுல 12 வோல்ட்டா நிறுத்தித் தர்ற கன்வெர்ட்டர் ஒண்ணு வேணும். சில பெட்டிங்க 19 வோல்ட் கேட்கும். அடியில ஒட்டியிருக்கற சீட்டைப் படிச்சுட்டுத்தான் கை வைக்கணும்.

மார்க்: பத்துக்கு ஒம்பது.

மூணு: ராக்காவல்

எங்க பக்கம் போர் மோட்டார் கேபிளை அறுத்து, தாமிரத்துக்காகத் திருடிட்டுப் போற கூட்டம் ஒண்ணு திரியுது. கேபிள் போனா பல ஆயிரம் நட்டம், அதை விட, சரி பண்ணற வரைக்கும் பயிர் காயும். அதனால மோட்டார் ரூம் பக்கம் ஒண்ணு, கட்டுத்தரைப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு கேமரா போட்டு, பதிவை இந்தப் பெட்டியிலயே விழ வெச்சிருக்கேன். ராத்திரி பகல் நிக்காம ஓடுது.

கேமரா அனுப்பறதை அப்படியே வாங்கி எழுதறது மட்டும்தான் வேலைங்கறதால சிப்புக்கு இது பெரிய பாரம் இல்லை. பாரமெல்லாம் டிஸ்குக்குத்தான். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்புதுன்னா ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல ஆகும். ரெண்டு கேமராவுக்கு 43. உள்ள இருக்கற 512 ஜிபி பத்து நாள்ல நிரம்பிடும். அது மட்டுமில்லாம எஸ்எஸ்டியில ஓயாம எழுதி அழிச்சா அதோட ஆயுசு குறையும். அதனால வெளிய ஒரு ஒரு டிபி ஹார்டு டிஸ்கு மாட்டி, பதிவு அதுலதான் விழுது. இருபத்தி மூணு நாள் சேத்து வெச்சுட்டு, பழசை அழிச்சு மேல எழுதிக்குது.

இப்படி நிக்காம ஓடற வேலைக்குத்தான் கரண்ட் கணக்கு முக்கியம். பெட்டி சராசரி 10 வாட்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துக்குப் பதினாலரை யூனிட்டுக்குள்ள. பழைய டவரை 60 வாட்ல விட்டிருந்தா 86 யூனிட். வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்குக் கிடைக்கற 100 இலவச யூனிட்டுல முக்காவாசிக்கு மேல அது ஒண்ணே முழுங்கியிருக்கும். வருசம் முச்சூடும் ராப்பகலா ஓடினாலும் சின்னப் பெட்டிக்கு 88 யூனிட்தான். எங்க ஏழரை எச்.பி. மோட்டார் பதினஞ்சு மணி நேரம் ஓடற கரண்ட் அது. (அந்த மோட்டார் கரண்ட் இலவசம்தானே, அதுல மாட்டிடலாமேன்னு யாரும் யோசனை சொல்லாதீங்க. அது பாசனத்துக்கு மட்டும் தர்ற இணைப்பு. வீட்டு வேலைக்கு இழுத்தா தப்பு.)

ஒரு உபயோகமான சமாச்சாரம். பயாஸ் செட்டிங்குல "கரண்ட் வந்தா தானா ஆன் ஆகு"ங்கற மாதிரி ஒரு வசதி இருக்கும். அதைப் போட்டு வெச்சுட்டா, நாம வெளியூர் போயிருக்கறப்போ பேட்டரி முழுக்க வடிஞ்சு அணைஞ்சாலும் கரண்ட் வந்ததும் பெட்டி தானா எந்திரிச்சுக்கும்.

மார்க்: பத்துக்கு எட்டு. ஹார்டு டிஸ்கு தனியா வாங்கணும்ங்கறதுக்கு ரெண்டு குறைச்சிருக்கேன்.

நாலு: வெயில், தூசி, பூச்சி

சித்திரை, வைகாசியில எங்க ஓட்டு வீட்டுக்குள்ள மத்தியானம் 38, 40 டிகிரி. ஏசி கிடையாது. இந்தச் சிப் 105 டிகிரி சூடு வரைக்கும் தாங்கும்னு கம்பெனி சொல்லுது. அந்த எல்லை நெருங்கினா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். மத்தியானத்துல பெரிய ஃபைல் ஏதாவது ஓட விட்டா உள்ள இருக்கற குட்டி ஃபேன் கீச்சுனு கத்தும், வேகமும் இறங்கும். சாதாரண வேலைக்கு அது தெரியறதில்லை. பெட்டியை மேசை மேல படுக்க வைக்காம, நாலு பக்கமும் காத்துப் போற மாதிரி சுவத்துல மாட்டின பிறகு கத்தறது குறைஞ்சிருக்கு.

மாசி, பங்குனியில மஞ்சள் பாலீஷ் போடறப்போ பறக்கற தூசி இருக்குதே, அதை டவுன்காரங்களுக்கு எழுத்துல சொல்லிப் புரிய வைக்க முடியாது. துணி, சோறு, தலைமுடி எல்லாம் மஞ்சளாயிடும். அந்தத் தூசி ஃபேன்ல போய் அப்பிக்கிச்சு. நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, பெயிண்ட் பிரஷ்ஷால தட்டி எடுத்தேன், கால் மணி நேர வேலை. மஞ்சள் சீசன்ல மாசம் ஒரு தடவை இதைச் செய்யணும். ஃபேனே இல்லாத மினி பெட்டிங்களும் கிடைக்குது. தூசிக்கு அது நல்லது, ஆனா எங்க வெயிலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது குளவி. சிரிக்காதீங்க. மண் குளவிக்கு ஓட்டையைக் கண்டா கூடு கட்டியே ஆகணும். பிளக் பாயிண்ட் ஓட்டையையே விடாது. பெட்டிக்குப் பின்னாடி சும்மா கிடந்த ரெண்டாவது ஹெச்டிஎம்ஐ ஓட்டையில மண்ணை அப்பிடுச்சு. இப்போ சும்மா இருக்கற எல்லா ஓட்டைக்கும் ரப்பர் மூடி போட்டாச்சு. எறும்புக்குப் பெட்டியைச் சுத்தி மஞ்சத்தூள் கோடு. அது மட்டும் எங்ககிட்ட பஞ்சமில்லை.

மார்க்: பத்துக்கு ஆறு. கம்பெனிக்காரங்க இந்தப் பெட்டியை எங்களை நினைச்சுச் செய்யலைங்கறது இங்கதான் தெரியுது. தூசிக்கு ஒரு வலை போட அவங்களுக்குப் பத்து ரூபாய் கூட ஆகாது.

அஞ்சு: நெட்டு

ஃபைபர் எங்க ஊர் மெயின் ரோட்டோட நின்னு போச்சு. தோட்டத்துக்கு 4ஜி சிம் போட்ட ரவுட்டர்தான் கதி. சின்னப் பெட்டிக்குள்ள இருக்கற ஒய்ஃபை ஆன்டெனாவும் சின்னதுதான். மண் சுவர் தாண்டினா சிக்னல் பாதியாயிடுது. ரவுட்டர்ல இருந்து லேன் வயர் இழுத்துட்டேன், பிரச்சினை தீர்ந்துச்சு. வாங்கறவங்க லேன் ஓட்டை இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

பட்டா இறக்கற வெப்சைட்டு சில நாள் திறக்கவே அஞ்சு நிமிசம் ஆகும். அதுக்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. அஞ்சு லட்ச ரூபாய் கம்ப்யூட்டர்ல இருந்து பார்த்தாலும் அந்த வட்டம் சுத்திட்டேதான் இருக்கும். ஊர்ல கம்ப்யூட்டர் "ஸ்லோவா இருக்கு"ன்னு சொன்னா, முக்காவாசி நேரம் அது நெட்டோட குறைங்க. வேகமான பெட்டி வாங்கி அதைச் சரி பண்ண முடியாது.

மார்க்: பத்துக்கு ஏழு.

ஆறு: ரிப்பேர்

இதுல எனக்கு முழுத் திருப்தி இல்லை. டவர் கம்ப்யூட்டர்ல எது போனாலும் பவானியிலயோ ஈரோட்டுலயோ ஒரு கடையில சாமான் கிடைக்கும். இந்தப் பெட்டியில சிப்பும் போர்டும் ஒண்ணா ஒட்டினது. போர்டு போனா பெட்டியே போச்சு. ரேமும் எஸ்எஸ்டியும் மட்டும் மாத்தலாம். சில பெட்டிங்கள்ல ரேமும் ஒட்டித்தான் வருது. அதை மட்டும் வாங்காதீங்க. உள்ள வர்ற எஸ்எஸ்டி பேர் தெரியாத கம்பெனியா இருந்தா, கணக்கையும் போட்டோவையும் வெளிய ஒரு டிஸ்குல நகல் எடுத்து வைக்கறது நல்லது.

மார்க்: பத்துக்கு அஞ்சு.

ஆக மொத்தம் அறுபதுக்கு நாப்பத்தி மூணு. பாஸ். முதல் வகுப்புன்னே சொல்லலாம்.

"போன் போதாதா?"

இந்தக் கேள்வி எப்படியும் வரும். விலை பார்க்க, படம் அனுப்ப, பணம் போட போன் போதும்தான். உழவன் செயலி போன்லதான் நல்லா ஓடுது. ஆனா மூணு கூட்டுப் பட்டாவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு சர்வே நம்பர் ஒத்துப் பார்க்கறதை அஞ்சரை இஞ்ச் திரையில செஞ்சு பாருங்க. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதின்னு ஒண்ணு உண்டு. அடங்கல், பட்டா, ஆதார், பாஸ்புக் எல்லாத்தையும் சொன்ன அளவுக்குள்ள ஸ்கேன் பண்ணி ஏத்தணும். அன்னைக்குக் கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் எந்திரிக்கலைன்னா, டவுனுக்கு ஓடி, வரிசையில நின்னு, ஒரு நாள் கூலியையும் விட்டுட்டு வரணும். தேதி தவறிட்டா அந்த வருசம் பூரா பயிருக்குப் பாதுகாப்பு இல்லை. எங்க திண்ணைக்கு அந்த வாரத்துல பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எட்டு பத்து பேராவது வருவாங்க. எங்களுக்குக் கம்ப்யூட்டர் ஓடறதுன்னா அதுதான்.

லேப்டாப்? பேட்டரி உள்ளயே இருக்கறது பெரிய வசதி, மறுக்கலை. ஆனா இந்த வெயில்ல அந்த பேட்டரி ரெண்டு மூணு வருசத்துல செத்துப் போகுது. கீபோர்டுல தூசி போனா மொத்தப் பெட்டியும் கடைக்குப் போகணும். சின்னப் பெட்டியில கீபோர்டு போனா அஞ்சு நூறு ரூபாய்க்குப் புதுசு. காலேஜுக்குக் கொண்டு போற பிள்ளைங்களுக்கு லேப்டாப், வீட்டுக்கு இது. இது என் கணக்கு.

இப்போ அந்தப் பழைய கம்ப்யூட்டர் சங்கதி

ஊர்ல பாதி வீட்டுல ஒரு பழைய டவர் துணி போர்த்தி மூலையில கிடக்கும். மகனோ மருமகனோ டவுன்ல புதுசு வாங்கினப்போ பாசமா கொண்டு வந்து கொடுத்தது. பாசத்தைக் குறை சொல்லலைங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. கரண்ட் ஒழுங்கா இருக்கற ஊர்ல கரண்ட் கம்மியா குடிக்கற புதுசு. கரண்டே சரியில்லாத ஊர்ல கரண்டை அள்ளிக் குடிக்கற பழசு. ரிப்பேர்க் கடை தெருவுக்கு ஒண்ணு இருக்கற இடத்துல புதுசு. கடைக்கே பதினஞ்சு கிலோமீட்டர் போகணும்ங்கற இடத்துல பழசு. கணக்கு தலைகீழா இருக்குதில்லீங்களா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டை 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தின சிப்புங்கள்ல அனேகமா எதுலயும் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதனால இப்போ டவுன்ல ஏகப்பட்ட கம்ப்யூட்டரைக் கழிக்கறாங்க. அதெல்லாம் எங்க போகும்? பள்ளிக்கூடத்துக்கு நன்கொடைன்னும், அப்பா அம்மாவுக்குப் பரிசுன்னும் ஊரைப் பார்த்துத்தான் வரும். ஓடிபி வந்தா யார் கேட்டாலும் சொல்லிடற பெரியவங்க கையில, பாதுகாப்பு அப்டேட் நின்னு போன கம்ப்யூட்டர். அதுலதான் பேங்க் கணக்கும் ஆதாரும்.

லினக்ஸ் போட்டுக் கொடுத்தா பழசும் பாதுகாப்பா ஓடும், அதை ஒத்துக்கறேன். அப்படிச் செஞ்சு, கூட இருந்து சொல்லியும் கொடுக்கறவங்களுக்குக் கும்பிடு. ஆனா கரண்ட் கணக்கு மாறாது. கடைசியில அந்தப் பெட்டி பழைய இரும்புக்காரர் வண்டியில ஏறும். வயரைக் கொளுத்தித் தாமிரம் எடுப்பாங்க. அந்தப் புகையை மூச்சுல இழுக்கறதும் ஊர்தான்.

பழசு எல்லாமே வேண்டாம்னு சொல்லலை. ஆபீசுல இருந்து கழிச்சு வர்ற ஒரு லிட்டர் அளவுச் சின்னப் பெட்டி, எட்டாம் தலைமுறைக்கு மேல இருந்தா, எஸ்எஸ்டி போட்டிருந்தா, தாராளமா கொண்டு வாங்க. சில சமயம் என்னோடதை விட அது வேகமா இருக்கும், ரிப்பேரும் சுலபம்.

வாங்கித் தரப் போறீங்களா?

அப்பா அம்மாவுக்கு வாங்கறவங்க இதை மட்டும் பாருங்க. என்100 அல்லது அதுக்குப் பின்னாடி வந்தது. ஜே4125, என்5095ன்னு பழைய சிப் போட்ட பெட்டிங்களும் அதே மாதிரி அட்டைப் பெட்டியில விக்கறாங்க, ஏமாறாதீங்க. ரேம் 8 ஜிபி குறைந்தபட்சம், 16 இருந்தா நிம்மதி. உள்ள எஸ்எஸ்டி இருக்கணும். ஈஎம்எம்சின்னு போட்டிருந்தா வேண்டாம், அது மெதுவு, பல பெட்டியில மாத்தவும் முடியாது. கழட்டி மாட்டற ரேம். லேன் ஓட்டை. அடாப்டர்ல 100-240 வோல்ட். விண்டோஸ் ஒரிஜினல் லைசென்ஸா, இல்லை சும்மா போட்டு அனுப்பினதான்னு விசாரிங்க.

பெட்டியோட ஒரு சின்ன யூபிஎஸ், ஒரு ஸ்பேர் அடாப்டர், வெளிய மாட்டற ஒரு டிஸ்கு, ரப்பர் மூடி ஒரு பாக்கெட், தமிழ்99 கீபோர்டு ஸ்டிக்கர். இதெல்லாம் சேர்த்தா செலவு கொஞ்சம் கூட ஆகும். ஆனா பெட்டி ஓடறதும் மூலையில முடங்கறதும் இதுலதான் இருக்கு.

அப்புறம் ஒரு நாள் லீவு போட்டு வந்து, பக்கத்துல உக்காந்து, பட்டா எப்படி இறக்கறது, நகல் எப்படி எடுக்கறது, ஓடிபி ஏன் சொல்லக் கூடாதுன்னு பொறுமையா சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க. ஒரு நோட்டுல பெரிய எழுத்துல எழுதியும் வெச்சுடுங்க. அந்த வேலையை எந்தப் பெட்டியும் தானா செய்யாதுங்க.